இந்த லைனை யாரு போட்டது, ஏன் போட்டது? - வாசகர் கேள்வி பதில்

போன மாசம் இந்தப் பக்கத்துல பிராசடி சாட் சர்வர் பத்தி சும்மா நாலு வரி எழுதப்போக, மெயில்பாக்ஸ் ரொம்பிடுச்சு. பாதிப்பேரு கேட்டது ஒரே விஷயம், செட்டிங்ஸ் ஃபைல். அதனால இந்த இதழ் முழுக்க அதுவே. நம்ம பத்திரிகையில தமிழ் எழுத்துதான் அச்சாகும்ங்கறதால ஃபைல்ல வர்ற பேரையெல்லாம் வாய்ல படிக்கற மாதிரியே எழுதியிருக்கேன், டைப் பண்றப்போ வார்த்தைக்கு நடுவுல அண்டர்ஸ்கோர் போட்டுக்கோங்க (விர்ச்சுவல் ஹோஸ்ட், பிராசடி சிடிஎல், வாட்ச் ரெஜிஸ்ட்ரேஷன்ஸ் மூணு மட்டும் ஒட்டியே ஒரே வார்த்தை, கோடர்ன் ஃபைல் பேருக்கு ஹைபன்), மறந்துட்டு எனக்கு மெயில் போடாதீங்க.

அண்ணே, நான் காலேஜ் லேப்ல அசிஸ்டெண்ட். எங்க டிபார்ட்மெண்டுக்கு ஒரு சீனியர் பிராசடி போட்டு வச்சாரு, அப்புறம் வேலை கிடைச்சு பெங்களூரு போயிட்டாரு. ஃபைலைத் திறந்தா முந்நூறு வரி, எதைத் தொட்டா எது சாயும்னே தெரியல. ஃபோன் போட்டா "டேய் ஓடிட்டுதானே இருக்கு, விடுடா"ங்கறாரு. எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
- லேப் அசிஸ்டெண்ட், திருச்சி

தம்பி, ஓடிட்டுதானே இருக்குன்னு விட்ட சர்வர்தான் செமஸ்டர் எக்ஸாம் அன்னிக்கு நிக்கும்.

மொதல்ல ஒரு காப்பி எடுங்க. கை நடுங்காம வேலை பார்க்கணும்னா அந்த ஃபோல்டரை கிட்ல (ஃபைல்ல பண்ற ஒவ்வொரு மாத்தத்தையும் பதிஞ்சு வைக்கற டூல்) போட்டுடுங்க, இல்ல செட்டிங்ஸ் ஃபைலெல்லாம் இருக்கற மொத்த இடிசி ஃபோல்டருக்கும் சேர்த்து இடிசிகீப்பர்னு ஒரு டூல் இருக்கு, அதைப் போட்டா பேக்கேஜ் அப்டேட் ஆகறப்போ எது மாறுச்சுங்கறதையும் அதுவே பதிஞ்சு வச்சுக்கும். இனிமே நீங்க எதைக் கெடுத்தாலும் ஒரு கமாண்ட்ல திரும்பி வரலாம், இந்த நிம்மதி இல்லாம மேற்கொண்டு ஒண்ணும் தொடாதீங்க.

அடுத்தது யாரும் சொல்லித்தராத வேலை. அந்த முந்நூறு வரியையும் உக்காந்து படிக்காதீங்க. பிராசடி பேக்கேஜோட வர்ற மாதிரி ஃபைல்லயே பக்கம் பக்கமா விளக்கம் எழுதி வச்சிருப்பாங்க, உங்க ஃபைல்ல பெரும்பாலானது அதுவாத்தான் இருக்கும், உங்க சீனியர் எழுதினது கொஞ்சம்தான். டெபியன், உபுண்டுன்னா ஆப்ட் டவுன்லோடு போட்டு அதே வெர்ஷன் பேக்கேஜை இறக்கி, டிபிகேஜி மைனஸ் சின்ன எக்ஸ் கொடுத்து ஒரு ஓரமா பிரிச்சு, அதுல இருக்கற ஒரிஜினல் ஃபைலையும் உங்க ஃபைலையும் டிஃப் கமாண்ட்ல ஒப்பிட்டுப் பாருங்க. எங்கெங்க வித்தியாசம் வருதோ அங்கதான் ஒரு மனுஷன் உக்காந்து யோசிச்சு முடிவெடுத்திருக்கான். அதே வெர்ஷன்தானான்னு பார்த்துக்கோங்க, சீனியர் பழைய வெர்ஷன்ல எழுதிட்டு நடுவுல அப்கிரேட் ஆகியிருந்தா அவர் தொடாத வரியும் வித்தியாசமா காட்டும்.

இப்ப அந்த லிஸ்டை எடுத்துக்கிட்டு சீனியருக்கு ஃபோன் போடுங்க. "அண்ணே ஃபைலை விளக்குங்க"ன்னு கேட்டா அவருக்கும் கொட்டாவிதான் வரும். "அண்ணே, சிடூஎஸ் லிமிட்டை ஏன் இவ்ளோ கம்மி பண்ணீங்க"ன்னு கேளுங்க (சிடூஎஸ்னா கிளையண்ட் டு சர்வர், ஆளுங்களோட சாட் ஆப் சர்வர்கிட்ட பேசற பக்கம்). "ஓ அதுவா, அன்னிக்கு ஹாஸ்டல்ல ஒருத்தன் பாட் ஓட்டினான்டா"ன்னு கதையே வரும். அந்தக் கதையை அப்படியே அந்த லைனுக்கு மேல கமெண்ட்டா எழுதிடுங்க. அவருக்கே ஞாபகம் இல்லைன்னா "காரணம் தெரியல, இந்தத் தேதியில கேட்டாச்சு, அவருக்கும் ஞாபகம் இல்ல"ன்னு எழுதுங்க. அதுவும் தகவல்தான், அடுத்து வர்றவனுக்கு ஒரு ஃபோன் மிச்சம்.

எதை மாத்தினாலும் ரீஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி 'பிராசடி சிடிஎல் செக்' ஓட்டுங்க. காமா விட்டுப்போனது, காலாவதியான ஆப்ஷன், டிஎன்எஸ், சர்ட்டிஃபிகேட்னு எல்லாத்தையும் பார்த்து சொல்லும், மரியாதையாவே சொல்லும்.

சார், குரூப் சாட்ல பழைய மெசேஜ் வர்றதுக்கு எம்யூசி-மேம் மாட்யூலை மாட்யூல்ஸ் எனேபிள்ட் லிஸ்ட்ல சேர்த்தேன். ரீலோடும் பண்ணேன். ஒண்ணும் ஆகல. மாட்யூலே பொய்யா?
- ஸ்டார்ட்அப் ஊழியர், சென்னை

மாட்யூல் உண்மைதான், நீங்க வச்ச எடம்தான் தப்பு. ரெண்டு தப்பு சேர்ந்து நடந்திருக்கு, அதனாலதான் ஒண்ணை சரி பண்ணியும் வேலை செஞ்சிருக்காது.

பிராசடி ஃபைலை ஒரு வீடா நெனச்சுக்கோங்க. மேல ஆரம்பத்துலேர்ந்து மொத விர்ச்சுவல் ஹோஸ்ட் லைன் (ஒரு டொமைனுக்கான பகுதியோட தொடக்கம்) வர்ற வரைக்கும் இருக்கறது கூடம், எல்லாருக்கும் பொது. விர்ச்சுவல் ஹோஸ்ட்னு ஒரு லைன் வந்துட்டா அங்கேர்ந்து ஒரு ரூமுக்குள்ள போயாச்சு. அதுக்குக் கீழ எழுதறது எல்லாமே அந்த ரூமுக்குத்தான், அடுத்த விர்ச்சுவல் ஹோஸ்ட்டோ காம்பொனென்ட்டோ வர்ற வரைக்கும். வெளிய வர்றதுக்கு கதவு கெடையாது, அதனால பொது செட்டிங்கை ஃபைலோட கடைசியில கொண்டுபோய் ஒட்டினா அது பொதுவே இல்ல, கடைசி ரூமுக்கு மட்டும் போகும். பாதிப்பேரு விழற குழி இதுதான், ஏன்னா மனுஷனுக்கு எதையும் கடைசியில ஒட்டற பழக்கம். வரியை ஓரமா ஒட்டி எழுதினாலும் உள்ள தள்ளி எழுதினாலும் லூவாவுக்கு (பிராசடி ஃபைல் எழுதற மொழி) ஒண்ணுதான், அது இடைவெளியை மதிக்கவே மதிக்காது.

குரூப் சாட் ஓடறது எம்யூசிங்கற காம்பொனென்ட்ல. கூடத்துல போட்ட மாட்யூல் லிஸ்ட் விர்ச்சுவல் ஹோஸ்ட்டுக்கெல்லாம் போகும், காம்பொனென்ட்டுக்கு போகாது. அதனால எம்யூசி-மேமை அந்த காம்பொனென்ட் லைனுக்குக் கீழ தனியா ஒரு மாட்யூல்ஸ் எனேபிள்ட் எழுதி அதுல போடணும். ரெண்டாவது, ரீலோடுங்கறது ஃபைலைத் திரும்பப் படிச்சு லாக் ஃபைலை மூடித் திறக்கும், பெரும்பாலும் அவ்ளோதான். புது மாட்யூலை ஏத்தாது, புது போர்ட்டைத் திறக்காது. ரீஸ்டார்ட் பண்ணுங்க, இல்ல பிராசடி சிடிஎல் ஷெல்லுக்குள்ள போய் அந்த மாட்யூலை மட்டும் கையால ஏத்துங்க.

இன்னொண்ணு, கேக்காமலே சொல்றேன். தனி சாட் ஆர்க்கைவுக்கு ஆர்க்கைவ் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர், குரூப் ஆர்க்கைவுக்கு எம்யூசி லாக் எக்ஸ்பயர்ஸ் ஆஃப்டர்னு தனித்தனி செட்டிங். ரெண்டுமே விட்டா ஒரு வாரம்தான். மேல உள்ளதை ஒரு வருஷமாக்கிட்டு "குரூப்ல ஏன் போன வாரத்துக்கு முந்தினது காணோம்"னு அடுத்த மாசம் எழுதுவீங்க, அதான்.

ஐயா, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கரெக்டா எங்க சாட் நின்னு போகுது. செட்டிங்ஸ் ஃபைலை யாரும் தொடறதே இல்ல. ரீஸ்டார்ட் பண்ணாலும் வராது, அப்புறம் என் தம்பி ஏதோ காப்பி பண்ணுவான், வந்துடும். ஜோசியரைத்தான் பார்க்கணுமா?
- அச்சகம் நடத்துபவர், சிவகாசி

ஜோசியர் வேண்டாங்க, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறைன்னு சொன்னதுமே விடை தெரிஞ்சுபோச்சு. லெட்ஸ் என்க்ரிப்ட் கொடுக்கற இலவச சர்ட்டிஃபிகேட்டோட ஆயுசு 90 நாள். அதை வாங்கித்தர்ற சர்ட்பாட்ங்கற டூல் ஒழுங்கா முப்பது நாள் மிச்சம் இருக்கறப்போவே புதுசு வாங்கிடுது. ஆனா அது வாங்கி வைக்கற ஃபோல்டரு ரூட் யூசருக்கு மட்டும்தான் திறக்கும், பிராசடி ஓடறது பிராசடிங்கற தனி யூசரா, அதனால அதால அங்க எட்டிக்கூட பார்க்க முடியாது. உங்க தம்பி ஒரு தடவை கையால காப்பி பண்ணி பிராசடியோட சர்ட்ஸ் ஃபோல்டர்ல வச்சான், அந்தக் காப்பி அங்கேயே கெடக்கு. புதுசு வந்த பின்னாடியும் பழைய காப்பிக்கு ஒரு மாசம் உயிர் இருக்கறதால யாருக்கும் ஒண்ணும் தெரியாது. அது செத்த அன்னிக்குத்தான் எல்லாரோட ஃபோன்லயும் கனெக்ஷன் எரர் வரும், அதுக்குள்ள சர்ட்பாட் புதுப்பிச்ச விஷயமே எல்லாருக்கும் மறந்து போயிருக்கும். அப்ப தம்பி காப்பி பண்றது ஒரு மாசம் முன்னாடியே வந்த சர்ட்டிஃபிகேட்டை, அதுல மிச்சம் ரெண்டு மாசம்தான், அதான் உங்க ரெண்டு மாசக் கணக்கு.

இதுக்கு மருந்து, சர்ட்பாட்டோட ரினியூவல் ஹுக்ஸ் ஃபோல்டருக்குள்ள டிப்ளாய்னு ஒண்ணு இருக்கும், அதுல ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைங்க, உள்ள ஒரே லைன், 'பிராசடி சிடிஎல், மைனஸ் மைனஸ் ரூட், சர்ட் இம்போர்ட்'னு போட்டு லெட்ஸ் என்க்ரிப்ட்டோட லைவ் ஃபோல்டர் பாத். ஒவ்வொரு தடவை புதுப்பிக்கறப்பவும் அதுவே காப்பி எடுத்து, பர்மிஷனும் சரி பண்ணி வச்சுடும். தம்பிக்கு லீவு.

உங்க கேள்வியில எனக்குப் பிடிச்சதே "ஃபைலை யாரும் தொடறதில்ல"ங்கற வரிதான். ஃபைல் ஒரு தப்பும் பண்ணல, அந்த ஃபைல் எதையெல்லாம் நம்பி இருக்குங்கறது ஃபைல்ல இல்ல. சர்ட்டிஃபிகேட் எங்கேர்ந்து வருது, டிஎன்எஸ்ல என்ன எஸ்ஆர்வி ரெக்கார்டு (சாட் சர்வர் எங்க இருக்குன்னு காட்டறது) போட்டிருக்கு, ஃபயர்வால்ல 5222 கிளையண்டுக்கும் 5269 மத்த சர்வர்களுக்கும் திறந்திருக்கா, டொமைன் யாரு பேர்ல எந்த மெயில் ஐடியில வாங்கினது, பேக்கப் எங்க போகுது. இதெல்லாம் செட்டிங்ஸ் ஃபைலோட தலையில பத்து வரி கமெண்ட்டா இருக்கணும். ரீட்மீன்னு தனியா ஒரு ஃபைல் வைக்கலாமான்னு கேப்பாங்க. வைக்கலாம், ஆனா சாட் நின்னு நாலு பேரு ஃபோன் போட்டு கத்தறப்போ மனுஷன் திறக்கறது செட்டிங்ஸ் ஃபைலைத்தான், ரீட்மீயை இல்ல. நான் தலையிலயே எழுதற கட்சி.

கமெண்ட் எழுதணும் எழுதணும்னு சொல்றீங்களே, எல்லா லைனுக்கும் எழுதணுமா? எங்க டீம் லீட் அப்படித்தான் சொல்றாங்க, நானும் எழுதி எழுதி ஃபைலை நாவல் மாதிரி ஆக்கிட்டேன்.
- ஜூனியர் அட்மின், கோவை

வேண்டாம் மேடம், தயவுசெஞ்சு வேண்டாம். சிடூஎஸ் ரிக்வயர் என்க்ரிப்ஷன் ஈக்வல்ஸ் ட்ரூ, அதுக்கு மேல "என்க்ரிப்ஷன் கட்டாயம்"னு கமெண்ட். அதான் லைனே சொல்லுதே. இட்லிப் பாத்திரத்து மேல இட்லிப் பாத்திரம்னு ஸ்டிக்கர் ஒட்டற கதை. இப்படி நாப்பது ஸ்டிக்கர் ஒட்டினா நாப்பத்தொண்ணாவதா ஒட்டின "மூடியைத் திறக்காதே, சூடு"ங்கறதையும் யாரும் படிக்கமாட்டாங்க.

எழுத வேண்டியது லைனைப் பார்த்தா தெரியாத விஷயம். நான் வச்சிருக்கற ஒரு லைன் இப்படி இருக்கும்:

-- ஃபைல் அளவு 10 எம்பிலேர்ந்து 40 எம்பி. டிசைன் ஆளுங்க பிடிஎஃப் அனுப்ப முடியலைன்னு கேட்டாங்க. முன்னாடி நிக்கற வெப் சர்வர் இன்ஜின்எக்ஸ்லயும் 40 ஆக்கணும், இங்க மட்டும் மாத்தினா ஏறாது. டிஸ்க் 80 பர்சென்ட் தாண்டினா திரும்ப 10 ஆக்கிடு.

என்ன மாத்தினோம்ங்கறது அதுல அரை வரிதான். யாரு கேட்டாங்க, வேற எங்க கை வைக்கணும், எப்ப இந்த லைனைத் தூக்கலாம், இந்த மூணும்தான் சரக்கு. கடைசியா சொன்னதை யாருமே எழுதறதில்ல, அதனாலதான் ஃபைல்ல எதுவுமே சாகறதில்ல.

அப்புறம் பழைய லைனைக் கமெண்ட் பண்ணி விட்டுட்டு போற பழக்கம். "பின்னாடி தேவைப்படும்"னு விட்டது எல்லாம் சேர்ந்து ஃபைல் சுடுகாடு மாதிரி ஆகிடும், எது செட்டிங் எது சமாதின்னு தெரியாது. கிட்ல போட்டாச்சில்ல, அழிங்க. பழசு வேணும்னா கிட் கொடுக்கும்.

இதுல சுவாரசியமான ஒரு பழங்கதை. ஐஆர்சின்னு பழைய சாட், பின்லாந்துல ஔலு யுனிவர்சிட்டியில யார்க்கோ ஒய்காரினென் 1988ல எழுதினது. அதோட அந்தக் கால செட்டிங்ஸ் ஃபைல்ல ஒவ்வொரு லைனும் ஒத்தை எழுத்துல ஆரம்பிக்கும். எம் போட்டா சர்வர் பேரு, ஏ போட்டா அட்மின் விவரம், ஐ போட்டா யாரு உள்ள வரலாம், ஓ போட்டா ஆபரேட்டர், கே போட்டா யாரை உள்ள விடக்கூடாது, எல்லாத்தையும் கோலன் போட்டுப் பிரிச்சிருப்பாங்க. புதுசா பார்க்கறவனுக்கு அது ஜாதகக் கட்டம் மாதிரிதான் தெரியும். அதுக்கப்புறம் வந்த சர்வருங்க நல்லா படிக்கற மாதிரி ஃபைலை மாத்திட்டாங்க, ஆனா ஐஆர்சி ஆளுங்க இன்னிக்கும் ஒருத்தனைத் தடை பண்ணா "கே-லைன் வாங்கிட்டான்"னுதான் சொல்லுவாங்க. ஃபைல் போயிடுச்சு, எழுத்து நின்னுடுச்சு.

அதே ஐஆர்சி உலகத்துல இன்ஸ்ப்ஐஆர்சிடின்னு ஒரு சர்வர். அதோட மாதிரி ஃபைல்ல நடுநடுவுல டைன்னு ஒரு டேக் ஒளிச்சு வச்சிருந்தாங்க, 'சாவு'ங்கற டை. படிக்காம அப்படியே காப்பி பண்ணி ஓட்டினா சர்வர் கிளம்பாது, ஃபைலை ஒழுங்கா எடிட் பண்ணிட்டு வான்னு திட்டிட்டு நின்னுடும். பரிட்சை பேப்பர்ல "எல்லாக் கேள்வியையும் படிச்சுட்டு எழுதவும்"னு போட்டு நடுவுல கண்ணி வைக்கற வாத்தியார் மாதிரி. எனக்கு அந்த ஆளுங்களை ரொம்பப் பிடிக்கும். உங்க டீம் லீடுக்கு சொல்லிடாதீங்க, அப்புறம் அவங்களும் வைப்பாங்க.

செட்டிங்ஸ் ஃபைலை கிட்ல போடச் சொல்றீங்க, நானும் போட்டேன், ஆன்லைன்லயும் ஏத்திட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு உள்ள இருக்கு. உடனே அழிச்சுட்டேன். பிரச்சனை இல்லல்ல?
- பெயர் வேண்டாம் ப்ளீஸ், ஈரோடு

பிரச்சனை இருக்கு. கிட்ல அழிச்சா கடைசி பக்கத்துலதான் அழியும், முந்தின கமிட்டை யார் வேணா திறந்து பார்க்கலாம், அதுக்குள்ள யாராவது காப்பி எடுத்திருந்தா அதுவும் போச்சு. அந்த பாஸ்வேர்டு ஊருக்கே தெரிஞ்சதுன்னு நெனச்சுக்கிட்டு இப்பவே மாத்துங்க, இந்தப் பத்தியை முடிச்சுட்டுக் கூட இல்ல, இப்பவே.

மாத்திட்டீங்களா? சரி. இனிமே ரகசியம் எல்லாத்தையும் தனி ஃபைல்ல போட்டு, பெரிய ஃபைல்லேர்ந்து இன்க்ளூட் லைன் போட்டு கூப்பிடுங்க. அந்தத் தனி ஃபைல் கிட் இக்னோர்ல இருக்கட்டும், பர்மிஷன் 640, ஓனர் ரூட், குரூப் பிராசடி. கிட்ல போறது "சீக்ரெட்ஸ் உதாரணம்"னு ஒரு வெத்து ஃபைல், உள்ள பேரெல்லாம் இருக்கும், மதிப்பெல்லாம் "இங்க போடு"ன்னு இருக்கும். இன்க்ளூட் லைனை கூடத்துலயே வைங்க.

ரகசியத்துக்கு எழுத வேண்டிய கமெண்ட் ஒண்ணே ஒண்ணு, அது வேற எங்க இருக்குங்கறது. வாய்ஸ் காலுக்கு டர்ன் சர்வர் (வெவ்வேற நெட்வொர்க்ல இருக்கறவங்க காலை நடுவுல நின்னு கடத்தறது) வச்சிருந்தா பிராசடியில டர்ன் எக்ஸ்டர்னல் சீக்ரெட்னு ஒண்ணு இருக்கும், அதே வார்த்தை கோடர்ன்ங்கற டர்ன் சர்வரோட ஃபைல்ல ஸ்டாட்டிக் ஆத் சீக்ரெட்ங்கற பேர்ல இருக்கும். ரெண்டும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா இருக்கணும். ஒருத்தன் பாஸ்வேர்டு மாத்தற ஆர்வத்துல ஒரு பக்கம் மட்டும் மாத்தினா மெசேஜெல்லாம் நல்லா போகும், ஒரே வைஃபைல இருக்கறவங்களுக்கு காலும் போகும், வெளியூர்ல இருக்கற மாமாவுக்கு மட்டும் ரிங் போய் பேச்சு வராது. மூணு நாள் மாமாவோட ஃபோனைத்தான் சந்தேகப்படுவாங்க.

அலவ் ரெஜிஸ்ட்ரேஷனை ட்ரூ பண்ணா என்ன ஆகும்? ஃபைல்லயே வேண்டாம்னு எச்சரிக்கை போட்டிருக்காங்க, ஆனா எங்க அப்பார்ட்மெண்ட்ல அறுபது வீடு, ஒவ்வொருத்தருக்கா அக்கவுண்ட் திறந்து கொடுக்க எனக்கு கை வலிக்குது.
- ரிட்டயர்டு டெலிகாம் ஊழியர், தாம்பரம்

என்ன ஆகும்னு நான் அனுபவிச்சே சொல்றேன் ஐயா. கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி சொந்தக்காரங்களுக்குன்னு ஒரு சர்வர் வச்சேன். ரெண்டு நாளைக்கு மட்டும் திறந்து விடுவோம், எல்லாரும் சேர்ந்ததும் மூடிடுவோம்னு ட்ரூ பண்ணேன், கமெண்ட்ல "டெம்பரவரி"ன்னும் எழுதினேன், எவ்ளோ பொறுப்பு பாருங்க. அப்புறம் ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம், மறந்தே போச்சு. ஒரு நாள் மச்சான் கூப்பிட்டு அவனோட ஃபிரண்டுக்கு வேற சர்வருக்கு மெசேஜ் போகலைன்னான். போய்ப் பார்த்தா அர்த்தமே இல்லாத எழுத்துல ஆயிரக்கணக்குல அக்கவுண்ட், எல்லாம் பாட். எங்க சர்வர்லேர்ந்து ஊரெல்லாம் ஸ்பேம் போயிருக்கு, மத்த சர்வர்காரங்க எங்களை மொத்தமா பிளாக் பண்ணிட்டாங்க. ஒவ்வொருத்தருக்கா மன்னிப்பு மெயில் எழுதி வெளிய வர்றதுக்குள்ள போதும்னு ஆயிடுச்சு.

டெம்பரவரிங்கற வார்த்தை கமெண்ட்ல வரவே கூடாது, தேதி போடணும். "இந்த மாசம் 15க்குள்ள ஃபால்ஸ் ஆக்கு"ன்னு எழுதியிருந்தா பார்க்கற எவனுக்காவது உறுத்தியிருக்கும்.

உங்க கைவலிக்கு வழி இருக்கு. 2022ல வந்த 0.12 வெர்ஷன்லேர்ந்து பிராசடியிலயே இன்வைட்ஸ் மாட்யூல் இருக்கு. இன்வைட் லிங்க் எடுத்து வீட்டுக்கு ஒண்ணா வாட்ஸ்அப்ல அனுப்பிடுங்க, அவங்களே பேரும் பாஸ்வேர்டும் போட்டுக்குவாங்க, லிங்க் இல்லாதவன் உள்ள வரமுடியாது. கூடவே வாட்ச் ரெஜிஸ்ட்ரேஷன்ஸ் மாட்யூலையும் போட்டுட்டா யாரு புதுசா சேர்ந்தாலும் உங்களுக்கு ஒரு மெசேஜ் வரும். வாட்ச்மேனும் ஆச்சு.

வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பி வேற சாட்டுக்கு ஆள் சேர்க்கறதுக்கு, வாட்ஸ்அப்லயே பேசிட்டுப் போகலாமே? எதுக்கு இவ்ளோ பாடு?
- இல்லத்தரசி, தாம்பரம் (மேல கேட்டவரோட வீட்டம்மா)

தாராளமா பேசலாம்மா. அந்த வாட்ஸ்அப்பே ஆரம்பத்துல ஈஜாபர்டிங்கற சர்வரை எடுத்து, அதை வெட்டி ஒட்டித்தான் கிளம்புச்சு, ஈஜாபர்டியும் பிராசடியும் ஒரே குடும்பம், ரெண்டும் பேசறது எக்ஸ்எம்பிபிங்கற சாட் பாஷை. ஈஜாபர்டி ஃபைல் 2013 வரைக்கும் எர்லாங்ங்கற புரோகிராம் மொழிப் பாணியில இருக்கும், ஒவ்வொரு செட்டிங் முடிவுலயும் முற்றுப்புள்ளி வைக்கணும், ஒரு புள்ளி விட்டா சர்வர் எழுந்திருக்காது. அந்த வருஷம் 13.10 வெர்ஷன்ல யாமல்ங்கற வேற எழுத்துமுறைக்கு மாத்தினாங்க, இப்ப புள்ளி வேண்டாம், ஆனா இடைவெளி சரியா இருக்கணும், டேப் கீயை அமுக்கினா போச்சு. ஒரு வேதனை போய் இன்னொண்ணு.

வீட்டுக்காரர் செய்யறதுக்கு என்ன அர்த்தம்னா, அறுபது வீட்டு பேச்சும் உங்க வீட்டு அலமாரியில இருக்கற பெட்டியில இருக்கும். அது வேணுமா வேண்டாமாங்கறது உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல, நான் வரல.

மேட்ரிக்ஸ்ங்கற இன்னொரு சாட் முறைக்கான சினாப்ஸ் சர்வர் போட்டேன். அவசரத்துல சர்வர் நேம்ல டெஸ்ட்னு ஆரம்பிக்கற டொமைனைக் கொடுத்துட்டேன். இப்ப இருபது பேரு சேர்ந்துட்டாங்க. மாத்த முடியுமா?
- வெப் டெவலப்பர், மதுரை

முடியாது. ஒவ்வொருத்தர் ஐடியிலயும் அந்தப் பேரு கோலனுக்குப் பின்னாடி ஒட்டியிருக்கு, அனுப்பின ஒவ்வொரு மெசேஜும் அந்தப் பேர்ல கையெழுத்தாகி மத்த சர்வருங்கள்லயும் போய் உக்காந்திருக்கு. இருபது பேருதானே, இன்னிக்கே புதுசா போட்டு எல்லாரையும் கூட்டிட்டுப் போங்க, இருநூறு ஆன பின்னாடி அழாதீங்க. அடுத்த தடவை டொமைனை மட்டும் சர்வர் நேமா கொடுத்துட்டு, சர்வர் நெஜமா எங்க ஓடுதுங்கறதை அந்த டொமைன்ல வைக்கற வெல்-நோன்ங்கற சின்ன ஃபைல்ல சொல்லிடுங்க, மெஷினை எங்க தூக்கிட்டுப் போனாலும் பேரு மாறாது.

சினாப்ஸ் ஃபைல் பத்தி ஒரு வார்த்தை. முன்னாடி அது உருவாக்கித்தர்ற ஃபைல்லயே எல்லா ஆப்ஷனும் விளக்கத்தோட நீளமா இருக்கும். 2022ல அந்த விளக்கத்தையெல்லாம் வெளிய எடுத்து தனி மேனுவலா வச்சுட்டு, ஃபைலை சின்னதாக்கிட்டாங்க. நெறைய பேரு முணுமுணுத்தாங்க, எனக்கு அது சரின்னுதான் படுது. ஆப்ஷன் என்ன பண்ணும்ங்கறது சாஃப்ட்வேர் எழுதினவன் சொல்ல வேண்டியது, அது வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும், உங்க ஃபைல்ல ஒட்டி வச்சா மூணு வருஷம் கழிச்சு பொய் சொல்லும். நீங்க ஏன் அதைப் போட்டீங்கங்கறது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது, ஃபைல்ல இருக்க வேண்டியது அது. சர்வர் நேம் லைனுக்கு மேல மட்டும் "மாத்தவே முடியாது, கை வைக்காதே"ன்னு ஒண்ணு எழுதிடுங்க.

அண்ணே, கமெண்டை தமிழ்லயே எழுதலாமா? ஏதாவது கெடுமா? (திரும்ப நான்தான், சீனியர்கிட்ட பதினோரு லைனுக்குக் காரணம் வாங்கிட்டேன்.)
- லேப் அசிஸ்டெண்ட், திருச்சி

சபாஷ் தம்பி, பதினொண்ணு பெரிய விஷயம்!

தாராளமா எழுதலாம். ஃபைலை யூடிஎஃப்-8ல சேமிச்சா போதும், லூவாவுல ரெண்டு கோடு போட்டதுக்கப்புறம் அந்த வரி முடியற வரைக்கும் என்ன இருக்குன்னு அது பார்க்கறதே இல்ல, தமிழ் எழுதினாலும் கோலம் போட்டாலும் அதுக்கு ஒண்ணுதான். கெடறது வேற எடத்துல. வாட்ஸ்அப்லயோ வேர்டுலயோ டைப் பண்ணி கொண்டுவந்து ஒட்டினா மேற்கோள் குறி ரெண்டும் வளைஞ்சு அழகா வந்துடும், கமெண்டுக்குள்ள இருந்தா பரவால்ல, செட்டிங் லைன்ல ஒண்ணு அப்படி வந்தா லூவா தடுக்கி விழும், கண்ணால பார்த்தா வித்தியாசமே தெரியாது. அதனால கமெண்டை மட்டும் ஒட்டுங்க, செட்டிங்கை கையால அடிங்க.

அப்புறம் டெர்மினல்ல நானோவுலயோ விம்லயோ திறந்தீங்கன்னா கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு எழுத்து பிரிஞ்சு நிக்கும், கர்சரும் எங்கேயோ நிக்கும். ஃபைல் கெட்டுப்போச்சுன்னு அழிச்சு அழிச்சு எழுதாதீங்க, ஃபைல் நல்லாத்தான் இருக்கு, டெர்மினலுக்குத்தான் தமிழ் வராது. சந்தேகமா இருந்தா ஃபைலை உங்க லேப்டாப்புக்கு காப்பி பண்ணி சாதாரண எடிட்டர்ல திறந்து பாருங்க. அந்த ஹாஸ்டல் பாட் கதை என்னாச்சுன்னு எனக்கும் ஒரு மெயில் போடுங்க.